ஏ.சி. பம்ப்பில் பெட்ரோல் சொட்டினால் முதலில் ஆயில் குச்சியைப் பாருங்கள்

எங்கள் வீட்டில் 1951 மாடல் செவர்லே லாரி ஒன்று நிற்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் 1954-ல் மூடிவிட்ட பம்பாய் சேவ்ரி ஆலையில் பூட்டியது. தாத்தா பொள்ளாச்சியிலிருந்து தேங்காய் ஏற்றிய வண்டி. அந்தக் காலத்து லாரிகள் பலவற்றில் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டுப் பெர்கின்ஸ் டீசல் எஞ்சினை ஏற்றிவிட்டார்கள். எங்களுடையது எப்படியோ தப்பித்தது. ஆறு சிலிண்டர், ஆறு வோல்ட், எஞ்சினின் பக்கவாட்டில் கண்ணாடிக் கிண்ணத்தோடு ஒரு ஏ.சி. பம்ப், அதாவது டாங்கிலிருந்து பெட்ரோலை இழுத்து எஞ்சினுக்குத் தரும் பம்ப். (ஏ.சி. என்றதும் என் மைத்துனன் லாரிக்குள் குளிர்காற்று தேடினான். அந்தக் கம்பெனியைத் தொடங்கிய ஆல்பர்ட் சாம்பியனின் பெயரெழுத்துகள் அவை.)

போன ஆடியில் ஒரு காலை ஷெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடை. பம்ப்புக்கு நேர் கீழே தரையில் உள்ளங்கை அகல ஈரம். கிண்ணத்தின் கார்க் பேக்கிங் காய்ந்திருக்கும் என்று புதிது போட்டேன். மறுநாளும் ஈரம். பம்ப்பை நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் தூள் தூவி, இக்னிஷனை அணைத்த நிலையில் ஹேண்டிலைப் போட்டுப் பத்துச் சுற்று சுற்றினேன். கிண்ணம் காய்ந்தே இருந்தது, குழாய் நட்டும் அப்படியே. கீழ் உடம்பில் பட்டாணி அளவுத் துளை ஒன்று உண்டு. அதன் ஓரத்தில்தான் தூள் கருத்தது. அது ஓட்டையல்ல, டயாபிரம் (பம்ப்புக்குள் மேலும் கீழும் அசையும் ரப்பர் சவ்வு) கிழிந்தால் காட்டிக்கொடுக்க வைத்த துளை.

இதற்குப் பிறகு நான் செய்ததுதான் மடத்தனம். சொட்டுத்தானே என்று வண்டியைக் கிளப்பி, நாலு மைல் தள்ளியிருக்கும் மெக்கானிக் பெரியவரிடம் ஓட்டிப்போனேன். அவர் பம்ப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எஞ்சின் ஆயில் அளவைக் காட்டும் குச்சியை உருவினார். அளவுக்கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை நனைந்திருந்தது. குச்சி நுனியிலிருந்து ஒரு சொட்டைப் பனியன் வேஸ்டில் விட்டார். ஆயிலென்றால் பொட்டாக நிற்கும். இது தண்ணீர் மாதிரி ஓடிப் பரவி, விளிம்பில் மஞ்சள் வளையம் கட்டியது. மூக்கருகே நீட்டினார். பெட்ரோல்.

“வெளியே கால் லிட்டர் போனால் உள்ளே எவ்வளவு போயிருக்கும் என்று யோசிக்க வேண்டாமா தம்பி?” என்றார்.

கேம் ஷாஃப்ட் பம்ப்பின் லீவரைத் தள்ள, லீவர் டயாபிரத்தைக் கீழே இழுக்கும். அப்போது டாங்கிலிருந்து பெட்ரோல் உறிஞ்சப்படும். மேலே தள்ளுவது ஸ்பிரிங். டயாபிரத்துக்குக் கீழே இருப்பது எஞ்சினின் வயிறு. கிழிசலில் இறங்கும் பெட்ரோலில் கொஞ்சம் அந்தத் துளை வழியே வெளியேறும், மீதி டயாபிரத்தின் தண்டைப் பிடித்து ஆயிலில் கலக்கும். துளையில் அழுக்கு அடைத்திருந்தால் வெளியே சொட்டே தெரியாது. இந்த எஞ்சினில் கனெக்டிங் ராடு பேரிங்குகள் வெள்ளை உலோக வார்ப்பு. அவற்றுக்கு ஆயில் தெறித்துத்தான் போய்ச்சேரும். நீர்த்த ஆயிலோடு நாலு மைல் ஓட்டி வந்ததற்கு எனக்குக் கிடைத்த வசவை இங்கே எழுத முடியாது.

கழற்றுமுன் மேல் கீழ் உடம்புகளின் குறுக்கே அரத்தால் ஒரு கோடு போட்டார். திருப்பிப் பூட்டினால் குழாய் வாய் எதிர்ப்பக்கம் போய்விடும். மூடியின் விளிம்பு வளைந்திருந்தது. யாரோ ஒரு காலத்தில் சொட்டை நிறுத்த ஸ்க்ரூவை முறுக்கு முறுக்கென்று முறுக்கியிருக்கிறார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் எமரி பேப்பர் வைத்துத் தேய்த்துச் சமமாக்கினோம். பழைய டயாபிரத்தின் ரப்பர் ஊறி, நகத்தால் சுரண்டினால் பிசினாக வந்தது. 2023-ல் அறிமுகமான 20 சதவீத எத்தனால் பெட்ரோல்தான் இப்போது ஏறக்குறைய எல்லா பங்குகளிலும் ஊற்றுகிறார்கள். 1951-ன் ரப்பருக்கு அது ஆகாது.

பூட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான். லீவரை முழுதாக அழுத்தி, டயாபிரம் கீழே இறங்கிய நிலையில் ஸ்க்ரூக்களை எதிரெதிராக இறுக்க வேண்டும். தளர்ந்த நிலையில் இறுக்கினால் முதல் இழுப்பிலேயே விறைத்து, சில மாதத்தில் மறுபடி கிழியும். ஆயிலை முழுவதும் வடித்துப் புதிது ஊற்றிய பிறகுதான் சாவியைத் தொட விட்டார்.

*

உங்கள் லாரிக் கதையைப் படித்தேன். நீலகிரியில் பெட்ரோல் ஜீப் வைத்திருப்பவன் நான். குன்னூர் மலைப்பாதையில் பர்லியாருக்கு மேலே இதே டயாபிரம் எனக்குக் கிழிந்தது. உடன் வந்த நண்பர் 501 சலவை சோப்பைத் தேய்க்கலாம் என்றார். சோப்பு டாங்கின் ஓட்டையை அடைக்கும், டயாபிரத்தை என்ன செய்யும்? டீக்கடையில் பால் பாக்கெட் இரண்டு வாங்கிக் கழுவி, வட்டமாக வெட்டி, ஸ்க்ரூ துளைகளை ஆணியால் குத்தி, கிழிந்த டயாபிரத்தின் மேல் இரண்டு மடிப்பாக வைத்துப் பூட்டினேன். ஊட்டி வந்து சேர்ந்தேன். பானெட்டில் கேன் கட்டி டியூப் விட்டு ஓட்டுபவர்களையும் பார்த்திருக்கிறேன். சூடான எஞ்சினுக்கு மேலே பெட்ரோல் கேன்! நடந்தே போய்விடலாம். அது போகட்டும், ஆயிலைப் பார்க்க வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது வயிற்றைக் கலக்குகிறது.

*

நானும் உங்கள் லொறிக் கதையைப் படித்துவிட்டு யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது பெற்றோல் கிடைக்காமல் இங்கே பழைய வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஐயாவின் லொறியும் அப்படித்தான். பெற்றோலாவது எஞ்சின் சூட்டில் ஓரளவு ஆவியாகும். எரியாத மண்ணெண்ணெய் ஆயிலுக்குள்ளேயே தங்கிவிடும். அதனால் அவர் காலையில் தேநீருக்கு முன் ஆயில் குச்சியை உருவி, இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்ப்பார். பம்ப் நன்றாக இருந்த நாட்களிலும்தான். உங்கள் புதிய டயாபிரம் என்ன றப்பர் என்று எழுதவில்லையே?

*

யாழ்ப்பாண நண்பருக்கு, லாரிக்காரனின் பதில்: முதலில் வாங்கிய டயாபிரம் சாதாரண ரப்பர் பூசிய துணி. கடைக்காரர் “எத்தனாலுக்குத் தாங்கும்” என்றுதான் கொடுத்தார். பெரியவர் அதில் ஒரு துண்டு வெட்டி, பங்குப் பெட்ரோல் ஊற்றிய பாட்டிலில் போட்டு ஒரு வாரம் வைக்கச் சொன்னார். எட்டாம் நாள் எடுத்தால் ஓரம் சுருண்டு, வெட்டிய அளவைவிடப் பெரிதாகியிருந்தது. இப்போது இருப்பது ‘விட்டான்’ (Viton) என்ற செயற்கை ரப்பர். அதன் துண்டும் அதே பாட்டிலில் கிடக்கிறது.