ஹீட்டரை நட்டநடுவில் வைத்தால் ரிக்காட்டி தீரமாட்டேன் என்கிறது

கேள்வி:
1 அலகு நீளத் தண்டு, இரு முனையும் வெப்பநிலை 0. பரவல் கெழு 1, வெப்பம் உமிழும் வினையின் கெழு 50. 0.5-இல் ஒரே ஒரு புள்ளி ஹீட்டர். வெப்பநிலை எகிறாமல் அடக்க ஹீட்டரைப் பின்னூட்டத்தால் இயக்க வேண்டும். அதற்கான கெயினை (வெப்பநிலையை ஹீட்டர் அளவாக மாற்றும் பெருக்கெண்கள்) ரிக்காட்டி சமன்பாட்டிலிருந்து எடுக்கிறேன். தண்டில் சம இடைவெளியில் 99 உட்புள்ளி எடுத்தால் சைபையின் (பைத்தான் கணிப்பு நூலகம்) ரிக்காட்டி தீர்வி பிழை காட்டி நிற்கிறது. 100 எடுத்தால் விடை வருகிறது, ஆனால் கெயின் தாறுமாறு. 200 ஆக்கினால் அதிலும் இரட்டிப்பு. வலை நுணுக்கமானால் விடை ஓரிடத்தில் நிலைக்க வேண்டாமா? புள்ளி மூலத்தை 1/இடைவெளி என்றுதான் எழுதினேன். கெயினையும் இடைவெளியால் வகுத்துத்தான் ஒப்பிட்டேன்.

பதில் 1:
தீர்வியின் மேல் தப்பில்லை. மோடுகளின் (தண்டின் வெப்பநிலையைப் பிரித்தால் வரும் சைன் அலை வடிவங்கள்) வளர்வேகம் 50 − 9.87 × (மோடு எண்ணின் வர்க்கம்): அதாவது 40.13, 10.52, −38.8... முதல் இரண்டும் தானாக அடங்காது. இரண்டாம் மோடு தண்டின் நடுவில் பூச்சியம். அங்கே எவ்வளவு சூடேற்றினாலும் அதைத் தொட முடியாது; அதை அடக்கும் கெயினே கிடையாது. 99 புள்ளியில் ஹீட்டர் சரியாக 0.5-இல் விழுகிறது. 100-இல் பக்கத்துப் புள்ளி 50/101 = 0.495, 200-இல் 0.4975. விலகல் பாதியாக, கெயின் இரட்டிப்பாகிறது. ஹீட்டரை நகர்த்தியது உங்கள் வலைதான்!

கேட்டவர்:
கிராமியனின் (ஹீட்டர் ஒவ்வொரு மோட்டையும் எவ்வளவு அசைக்கிறது என்று காட்டும் அணி) மூலைவிட்டக் கூட்டல் எங்கே அதிகம் என்று பார்த்துத்தான் 0.5-ஐ எடுத்தேன்.

பதில் 2:
வம்பே அதுதான். நிலையற்ற அமைப்பில் முடிவிலிக் கால கிராமியன் ஒருங்காது. முடிவுள்ள காலத்துக்குப் போட்டால், அந்தக் காலம் மிகக் குறுகியதாக இல்லாவிட்டால், வேகமாக வளரும் முதல் மோடு மற்றதை விழுங்கிவிடும். அது கேட்பது நடுவைத்தான்.

நிலைக்கு எடை 0, உள்ளீட்டுக்கு எடை 1 வைத்து, ரிக்காட்டி தீர்வின் மூலைவிட்டக் கூட்டலை, அதாவது அடக்க ஆகும் உள்ளீட்டுச் செலவை, சிறிதாக்குங்கள். நிலையற்ற இரண்டு மோடு போதும். கணக்கு கையாலேயே முடியும். சிறிதாக்க வேண்டியது:

1/(40.13 × சைன்²(2பை × இடம்)) + 1/(10.52 × சைன்²(பை × இடம்))

குறைந்த இடம் 0.353, அதன் எதிர்ப்பக்கம் 0.647. 1/3-இல் வைத்தால் செலவு 1.4% தான் கூடும், 0.25-இல் 36%. 0.45-இல் 2.3 மடங்கு, 0.49-இல் 40 மடங்கு. உங்கள் 0.495-இல் கிட்டத்தட்ட 160 மடங்கு.

கேட்டவர்:
1/3-இல் மூன்றாம் மோடு பூச்சியமாச்சே? ஹீட்டருக்கு அகலம் கொடுத்தால் தீருமா?

பதில் 2:
மூன்றாம் மோடு தானே அடங்குகிறது, விடுங்கள். ஹீட்டர் அதைக் கிளறாமலிருப்பது லாபம்தான். ஆனால் வினைக் கெழு 88.8-ஐத் தாண்டினால் அதுவும் வளரத் தொடங்கும்; அப்போது 1/3 செத்த இடம், 0.353-உம் பலவீனம். மூன்று மோடு வைத்துத் திரும்பப் போட வேண்டும்.

அகலம் உதவாது. 0.5-ஐ மையமாக வைத்து எவ்வளவு அகலமாக்கினாலும் இரண்டாம் மோடு இருபுறமும் அடித்துப் பூச்சியமாகிவிடும். வேறிடத்தில் 0.1 அகலம் இரண்டாம் மோட்டின் பிடியை 1.6% தான் குறைக்கும்.

பதில் 1:
வெப்பநிலையைச் சென்சாரால் அளக்கப் போகிறீர்கள் என்றால் அதையும் 0.5-இல் வைக்காதீர்கள், இரண்டாம் மோடு அதற்குத் தெரியாது. 2/3-இல் வையுங்கள்: முதல் இரண்டும் தெரியும், மூன்றாவது கசிந்து வராது.