சிவப்பு அட்டைப் புத்தகம், அதாவது இடதுசாரி, தொழிலாளர் போராட்டப் புத்தகம், உங்கள் கைக்கு எப்படி வந்தது?

கால்வாய்க்கரை:

மழைக்கு ஒதுங்கினேன், அவ்வளவுதான். தேடித் தேடிப் படிக்கிற ஆள் என்று யாரும் என்னை நினைக்க வேண்டாம். கொழும்பு மெக்கலம் ரோட் பழைய புத்தகக் கடை ஒன்றில் தார்ப்பாய்க்குக் கீழே நின்றபோது கையில் தட்டுப்பட்டது குமாரி ஜயவர்தன 1972இல் எழுதிய ஆங்கிலப் புத்தகம், இலங்கைத் தொழிலாளர் இயக்கம் எப்படி எழுந்தது என்பதைச் சொல்வது. முதுகு பிய்ந்துபோய் இருந்தது. கடைக்காரர் 600 சொன்னார், 400க்கு இறங்கினார்.

வீட்டுக்கு வந்து புரட்டினால் வெள்ளவத்தை மில். நான் பிறந்து வளர்ந்த ஒழுங்கைக்குக் கூப்பிடு தூரம்! இப்போது ஹெவ்லொக் சிட்டி என்று மாடி மாடியாக நிற்கிறதே, அந்த நிலத்தில்தான் அந்த நூற்பு, நெசவு மில் இருந்தது. 1933இல் அங்கே பெரிய வேலைநிறுத்தம். வேலை செய்தவர்களில் மலையாளிகள் நிறையப்பேர். ஏ.ஈ. குணசிங்க 1922இல் தொழிலாளர் சங்கம் தொடங்கி, 1923இல் பொது வேலைநிறுத்தம் நடத்தி, கொழும்புத் தொழிலாளிக்குத் தெய்வம் மாதிரி இருந்தவர். இந்தத் தடவை அவர் எதிர்ப்பக்கம் நின்றார். நடத்தியது கொல்வின் ஆர். டி சில்வா மாதிரி இளைஞர் கழகத்துப் பெடியன்கள். அவர்கள்தான் 1935 டிசம்பரில் சமசமாஜக் கட்சி என்ற இடதுசாரிக் கட்சியைத் தொடங்கியவர்கள். குணசிங்க அதற்குப் பிறகு மலையாளிகளை அனுப்பிவிடச் சொல்லிப் பிரசாரமே செய்திருக்கிறார். வேலை போய்விடும் என்ற பயம் வந்தால் பக்கத்துத் தறிக்காரன் அந்நியன் ஆகிவிடுகிறான் போல.

அந்தப் பக்கத்தின் ஓரத்தில் முன்பு வைத்திருந்த யாரோ பென்சிலால் சிங்களத்தில் 'பொரு' என்று எழுதியிருந்தார். பொய் என்று அர்த்தம். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. மூன்றாவதில் தாள் கிழிந்தே இருந்தது. குணசிங்கவின் ஆளாக இருக்கும் என்று நினைக்கிறேன். புத்தகத்தை விட அந்தப் பென்சில்காரரோடுதான் ஒரு வாரம் மனதுக்குள் சண்டை பிடித்தேன்.

சரி, உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை லொட்ஜ்காரன்:

எனக்கு வந்த கதை இல்லை, போன கதை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஐந்து கட்டில் போட்ட ஒரு லொட்ஜ் அறையில் இருந்தோம். மாஸ்கோவில் அச்சிட்ட தமிழ்ப் புத்தகங்கள் ஞாபகம் இருக்கும்தானே, கட்டியான அட்டை, நல்ல தாள், சோறு சாப்பிடும் விலையில் லெனின். அதில் ஒன்றைத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன். இரவு இரண்டு மணிக்குச் சோதனை. ஐடென்டிட்டி கார்ட், பொலிஸ் பதிவு, ஊர், வந்த காரணம், எல்லாம் வழக்கம்போல. அப்புறம் தலையணை தூக்கப்பட்டது.

வந்தவர் தாடிப் படத்தை டோர்ச் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஜேவிபியா?" என்றார். தெற்கின் சிங்கள இடதுசாரிக் கட்சி அது. புலியா என்று கேட்டுக் கேட்டுப் பழகிய எனக்கு அப்படி ஒரு கேள்வி வந்தது அதுதான் முதல் தடவை. பதில் சொல்லத் தெரியாமல் முழித்தேன். பக்கத்துக் கட்டில் அண்ணை சிரித்துவிட்டார், பயத்தில் வருகிற சிரிப்பு. 71இலும் 89இலும் ஜேவிபி நடத்திய கிளர்ச்சிகளைக் கண்ட ஆளாக இருக்க வேண்டும் அந்த மனிதர், தமிழ் எழுத்துத் தெரியாமலே தாடியை வைத்துப் பிடித்துவிட்டார். கடைசியில் என்னை விட்டுவிட்டுப் புத்தகத்தை மட்டும் கொண்டு போனார்கள். மூன்றாம் அத்தியாயத்தின் நடுவில் நின்றது இன்னும் அங்கேயே நிற்கிறது.

சங்கானைப் பெடியன்:

வர்க்கம், சங்கம் எல்லாம் சரி. வெள்ளவத்தையில் அறை வாடகைக்குப் பார்த்தவர்களுக்கு ஒரு கேள்வி தெரியும்: "தம்பி ஊரிலே எந்தப் பக்கம்?" சங்கானை என்றால் போதாது. கோயிலுக்குக் கிழக்கா மேற்கா, எந்தப் பள்ளிக்கூடம், அப்பாவுக்கு என்ன வேலை என்று போய்க்கொண்டே இருக்கும். நான் சொன்னேன், வீட்டுக்கார அம்மா உள்ளே போய்வந்து, அறையை நேற்றே வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டோம் என்றார். வாசலில் 'வாடகைக்கு' மட்டை அடுத்த வாரமும் தொங்கியது.

அந்த வாரம்தான் கே. டானியலின் 'பஞ்சமர்' நாவல் படித்தேன். சாதிக் கொடுமைக்கு எதிராக 1966 ஒக்ரோபர் 21 சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலம், பொலிஸ் அடி, தேநீர்க்கடைக்குள் நுழைவதற்கே நடந்த போராட்டம், இதெல்லாம் என் அப்பு காலத்துக் கதை, வீட்டில் ஒருவரும் வாய் திறந்து சொன்னதில்லை. இடதுசாரி அண்ணைமாரிடம் இதைக் கதைத்தால் புரட்சி வந்தால் சாதி தானாகப் போய்விடும் என்பார்கள். அவர்களில் இரண்டு பேர் பிள்ளைக்குக் கல்யாணம் பேசிய விதத்தையும் நான் பார்த்தேன்.

ஹட்டன் பிள்ளை:

நான் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறேன், அம்மா இன்னும் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். செட்டியார் தெருப் பக்கம் ஒரு கடையில் மலையகத் தொழிலாளர் போராட்டங்களைப் பற்றிய புத்தகம் வாங்கினேன். நடேசய்யர் தோட்டத்துக்குள் சங்கம் கொண்டுவந்தது, கூட்டம் தொடங்கும் முன் அவர் மனைவி மீனாட்சியம்மாள் தானே கட்டிய பாட்டுகளைப் பாடி ஆட்களைச் சேர்த்தது, 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் செத்தது, 1948இல் எங்கள் ஆட்களின் பிரஜாவுரிமை போனது. பள்ளிக்கூடத்தில் ஒரு வரி கூடச் சொல்லித் தரவில்லை. அறைக்கு வந்து அம்மாவுக்குப் போன் எடுத்து, சம்பளப் போராட்டம் பற்றிய பகுதியை வாசித்துக் காட்டினேன்.

அம்மா இடையில் நிறுத்தினார். "நாட்சம்பளம்னு சொல்லுதே, அரைப் பேரைப் பத்தி ஒண்ணும் இல்லையா?" பறித்த கிலோ குறைந்தால் அன்றைக்கு அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் போடுவார்கள், மழை பெய்தாலும் கொழுந்து இல்லாவிட்டாலும் அதே கதை. 2021இல் ஆயிரம் ரூபாய், 2024இல் 1,350 என்று பேப்பரில் வந்தது முழுப்பேர் விழுந்த நாளுக்குத்தான். நான் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அந்தச் சொல்லே இல்லை.

பிறகு புத்தகம் என்ன விலை என்று கேட்டார். ஆயிரத்து ஐந்நூறு என்றேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

"சரி, தீபாவளிக்கு வரும்போது கொண்டாந்துரு. அந்தப் பாட்டுப் பாடின அம்மா படம் இருக்கா அதுல?"