புதுப்பிப்பு: மாசமாக இருக்கும் தங்கச்சிக்கு 28-ஆவது வாரத்தில் பிரஷர் ஏறிய விஷயம்

தங்கச்சிக்கு பிரஷர் 146/94 காட்டுகிறது, உப்பைக் குறைத்தால் போதுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

உப்பு இதற்குக் காரணம் இல்லையாம். டாக்டரம்மா முதலில் கேட்டதே, "உங்க அம்மாவுக்கு அப்போ பிரஷர் இருந்துச்சா?" அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தார். நான் வயிற்றில் இருந்தபோது முகமெல்லாம் வீங்கி, பிரஷர் ஏறி, எட்டாம் மாதமே பிரசவமாம். இத்தனை வருஷமாக நாங்கள் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சர்க்கரை, உடல் பருமன், சிறுநீரகக் கோளாறு, இரட்டைக் குழந்தை இவையெல்லாம் ஆபத்தைக் கூட்டும் என்று தெரியும். தங்கச்சிக்கு இவற்றில் ஒன்றுமே இல்லை என்றுதான் நிம்மதியாக இருந்தோம். ஆனால் தலைப்பிரசவம் என்பதே ஒரு காரணம். தாய்க்கோ கூடப்பிறந்தவளுக்கோ வந்திருந்தால் அது இன்னொன்று. முதல் செக்கப்பிலேயே சொல்லியிருந்தால் 12-ஆவது வாரத்திலிருந்தே குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுத்திருக்கலாமாம். இதை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை.

இப்போது 32-ஆவது வாரம். லேபெட்டலால் மாத்திரையில் பிரஷர் 130/84-க்கு இறங்கியிருக்கிறது, சிறுநீரில் புரதம் இல்லை. கடுமையான தலைவலி, கண் மங்கல், வலது மேல்வயிற்றில் வலி என்றால் நடுராத்திரி ஆனாலும் கிளம்பி வரச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் யாராவது மாசமாக இருந்தால், இன்றைக்கே அம்மாவிடம் கேட்டுவிடுங்கள்.