சங்கத்துப் பெட்டிகளைக் குளிருக்குத் தயார் செய்வது எப்படி, யார் செய்வது?

புதுச்செயலாளர்:
எங்கள் தேனீ வளர்ப்போர் சங்கத்தில் இருபதுக்கும் மேல் உறுப்பினர்கள். பொதுவில் ஐந்து பெட்டிகள் வைத்திருக்கிறோம், புதியவர்கள் கற்றுக்கொள்ள. போன குளிர் முடிந்து திறந்து பார்த்தால் இரண்டில்தான் உயிர் இருந்தது. செத்த மூன்றில் ஒன்றில் ஓரச் சட்டங்கள் நிறையத் தேன் அப்படியே இருக்கிறது, நடுவில் கைப்பிடி அளவு ஈக்கள் அடையில் தலையை விட்டபடி செத்துக் கிடந்தன. இன்னொன்று உள்ளே முழுக்க ஈரம், பூஞ்சை. மூன்றாவதில் எலி கூடு கட்டியிருந்தது, அதைப் பார்த்தபோது அழுவதா சிரிப்பதா தெரியவில்லை.

கூட்டத்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். போர்வை சுற்றவில்லை என்கிறார் ஒருவர், சுற்றியதால்தான் ஈரம் என்கிறார் அடுத்தவர். கடைசியில் வேறு யாரும் கை தூக்காததால் இந்த வருடம் என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். கோடை முடியப் போகிறது. எதிலிருந்து ஆரம்பிப்பது? ஒரு பெட்டிக்கு எவ்வளவு தேன் விட வேண்டும்? அப்புறம், வாராவாரம் யாராவது வந்து பெட்டியைத் திறந்து ஆளுக்கொரு மாற்றம் செய்துவிட்டுப் போகிறார்களே, இதை எப்படி நிறுத்துவது?

மெழுகுக்கை:
போர்வையை விடுங்கள், அது கடைசி வேலை. முதலில் அந்தச் செத்த பெட்டியின் புழு அறைச் சட்டங்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறீர்களா? ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்து, புழு வளர்ந்த அறைகளின் மேல்சுவரைப் பாருங்கள். உப்புத் தூள் ஒட்டினது போல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது வரோவா என்ற, தேனீயை உறிஞ்சி வாழும் உண்ணியின் எச்சம். தேன் மிச்சமிருக்கக் கைப்பிடி ஈக்கள் செத்திருக்கின்றன என்றால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் இதுதான். ஈக்கூட்டம் சிறுத்துவிட்டால் உடல் சூட்டைக் காப்பாற்ற முடியாது, இரண்டு சட்டம் தள்ளி இருக்கிற தேனைக்கூடப் போய் எடுக்க முடியாமல் பட்டினியில் சாகும். பார்ப்பவருக்குக் குளிர் கொன்றது போலத் தெரியும்.

கோடையில் பிறக்கும் வேலைக்கார ஈ சுமார் ஆறு வாரம் வாழும். குளிருக்கென்று பிறப்பது வேறு மாதிரி, உடம்பில் கொழுப்புச் சேர்த்துக்கொண்டு ஆறு மாதம் வரை தாக்குப்பிடிக்கும். அந்த ஈக்கள் கோடைக் கடைசியிலிருந்து இலையுதிர் காலத்துக்குள் வளர்பவை. அவை புழுவாக இருக்கும்போதே உண்ணி உட்கார்ந்து உறிஞ்சிவிட்டால், அப்புறம் நீங்கள் எந்த மருந்து போட்டாலும் அந்த ஈ பழையபடி ஆகாது. அதனால் தேன் எடுத்த கையோடு எண்ணிப் பாருங்கள். புழு இருக்கும் சட்டத்திலிருந்து அரைக் கோப்பை ஈக்கள், ஏறக்குறைய 300 இருக்கும் (ராணி அதில் இல்லை என்று இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள், நான் ஒருமுறை பார்க்கவில்லை), ஆல்கஹாலில் போட்டுக் குலுக்கி உதிரும் உண்ணிகளை எண்ணுங்கள். 100 ஈக்கு 3, அதாவது மொத்தம் 9 வந்தால் யோசிக்கவே வேண்டாம், மருந்து போட வேண்டியதுதான். இந்தப் பருவத்தில் 6 வந்தாலே நான் போட்டுவிடுவேன். 300 ஈக்களைக் கொல்வதா என்று உறுப்பினர்கள் வருத்தப்படுவார்கள், அதற்காக ஒரு கூட்டத்தையே இழக்க முடியுமா?

மருந்தில் ஒரு விஷயம். ஃபார்மிக் அமிலம் உண்ணி ஒளிந்திருக்கும், மெழுகால் மூடிய புழு அறைக்குள்ளும் போகும், ஆனால் வெயில் அதிகமான நாளில் போட்டால் ராணிக்கே ஆபத்து. ஆக்ஸாலிக் அமிலம் அந்த மெழுகு மூடிக்குள் போகாது, அதனால் நடுக்குளிரில் ராணி முட்டையிடாமல், புழு அறையே இல்லாமல் இருக்கும் நேரத்துக்குத்தான் சரி. உங்கள் நாட்டில் அனுமதி உள்ளதையே வாங்குங்கள், அட்டையில் போட்ட அளவை மாற்றாதீர்கள்.

பனிக்காலப்பெட்டி:
மேலே சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். நான் தேனுக்கும் ஈரத்துக்கும் வருகிறேன்.

மிதமான குளிர் என்றால் 18 முதல் 20 கிலோ, மாதக்கணக்கில் உறையும் இடம் என்றால் 30, 40 கிலோ கூட வேண்டும். திறந்து பார்க்க வேண்டாம், பெட்டியின் பின்பக்கத்தை ஒரு கையால் விரற்கடை தூக்குங்கள். தரையில் ஆணியடித்தது போல அசையாமல் இருந்தால் போதும். குறைந்தால் இரண்டு பங்கு வெள்ளைச் சர்க்கரை, ஒரு பங்கு தண்ணீர் என்று பாகு காய்ச்சி, சாயங்காலத்தில் கொடுங்கள். பகலில் கொடுத்தால், அதுவும் நாலு சொட்டு வெளியே சிந்தினால், பக்கத்துப் பெட்டி ஈக்கள் கொள்ளையடிக்க வந்துவிடும். நாட்டுச் சர்க்கரை, வெல்லப்பாகு வேண்டாம், குளிரில் வெளியே பறக்க முடியாத ஈக்கு வயிறு கெடும். வெளியே 10 டிகிரிக்குக் கீழே போய்விட்டால் பாகை எடுக்காது, அப்போது கெட்டிச் சர்க்கரைதான்.

ராணியைத் தடுக்கும் சல்லடைத் தகட்டைக் கழற்ற மறக்கவே கூடாது. 14 டிகிரி வாக்கில் ஈக்கள் பந்தாகச் சேர ஆரம்பிக்கும், அந்தப் பந்து தேனைத் தின்றுகொண்டே மேலே நகரும், ராணி மட்டும் கீழே மாட்டிக்கொண்டு விறைத்துச் சாகும்.

ஈரத்துக்கு வருவோம். ஈக்கள் விடும் மூச்சின் நீராவி குளிர்ந்த மூடியில் பட்டு, அவை தலையிலேயே சொட்டும். மேலே சிறு காற்றுவழி விடு என்பார்கள் சிலர், நான் மூடிக்கு அடியில் கனமான தக்கை அட்டை வைப்பேன். மேல்பகுதி சூடாக இருந்தால் நீர் சுவர் ஓரமாகத்தான் இறங்கும். பெட்டியை முன்பக்கம் லேசாகச் சாய்த்து வையுங்கள், வழிந்த நீர் வாசல் வழியே போய்விடும். எலிக்கு வாசலில் துளைத் தகடு, இரவு குளிர ஆரம்பிக்கும் முன்பே. அப்புறம் அடித்தால் எலியை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும்!

கல்வைத்தமூடி:
தொழில்நுட்பமெல்லாம் சொல்லிவிட்டார்கள். ஆனால் உங்கள் பிரச்சினை பாதிதான் தேனீ, மீதி மனிதர்கள். பல பேர் அடித்த பாம்பு சாகாது என்பார்கள், பல பேர் பார்த்த பெட்டி செத்துவிடும். எங்கள் சங்கத்திலும் இதே கதைதான். பாகு கொடுத்தாயா என்று கேட்டால் அவர் கொடுத்திருப்பார் என்று நினைத்தேன் என்பார் ஒவ்வொருவரும்.

இப்போது ஒரு பெட்டிக்கு ஒரு ஆள், அவர் இல்லாதபோது இன்னொருவர். மற்றவர்கள் பார்க்கலாம், கேட்கலாம், அவர் இல்லாமல் மூடியைத் தூக்கக் கூடாது. மூடிக்கு அடியில் ஒரு நோட்டு. அதைவிட உதவியது மேலே வைக்கும் கல்: படுத்திருந்தால் எல்லாம் சரி, நிமிர்ந்திருந்தால் தேன் குறைவு, ஓரத்தில் இருந்தால் ராணி மேல் சந்தேகம். வேலியருகே நின்றே தெரிந்துகொள்ளலாம்.

இன்னொன்று, மருந்தை எல்லா உறுப்பினரும் ஒரே வாரத்தில் போடுங்கள். ஒருவர் போடாமல் அவர் கூட்டம் சரிந்தால், அங்கே தேன் திருடப் போகும் உங்கள் ஈக்கள் உண்ணியையும் சுமந்து வரும். இதற்குச் சம்மதிக்க வைப்பதுதான் செயலாளர் வேலையிலேயே கஷ்டமானது, கட்டளை மாதிரி சொன்னால் நடக்காது. நாங்கள் எண்ணும் நாளைப் பொதுவில் வைத்தோம், குலுக்கிய புட்டியில் உண்ணியைக் கண்ணால் பார்த்தவர் மறுநாளே மருந்து கேட்டார்.

செத்த பெட்டியின் சட்டங்களை உயிருள்ள பெட்டிக்குக் கொடுக்கும் முன், புழுக்களை அழுக வைக்கும் அழுகல் நோய் இல்லை என்று உறுதி செய்யுங்கள். அதன் வித்துகள் பல பத்து வருடம் மரத்தில் கிடக்கும்.

புதுச்செயலாளர்:
எல்லோருக்கும் நன்றி. சட்டத்தை வெயிலில் சாய்த்துப் பார்த்தேன், வெள்ளைப் புள்ளிகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. போர்வை பற்றி மூன்று மாதம் சண்டை போட்டிருக்கிறோம்! இருக்கும் இரண்டோடு, கோடையில் ஒரு பெட்டியிலிருந்து பிரித்து உண்டாக்கிய கூட்டம் ஒன்று நோஞ்சானாக இருக்கிறது. தனியாக விடலாமா?

மெழுகுக்கை:
விடாதீர்கள். முதலில் உண்ணியை எண்ணுங்கள், நோய் இல்லையென்றால் அதன் ராணியை எடுத்துவிட்டு, பலமான பெட்டி மேல் ஒரு தாள் செய்தித்தாள் விரித்து, அதன் மேல் நோஞ்சான் பெட்டியை வையுங்கள். தாளைக் கடித்துத் தீர்ப்பதற்குள் இரண்டின் வாசனையும் ஒன்றாகிவிடும். அந்தச் சங்க நோட்டில் இன்றைய தேதி போட்டு எழுதிவிடுங்கள், யார் செய்தது என்பதையும்.