டிஃபரன்ஷியலுக்கு ஒரு தமிழ்ச்சொல்: குளிர்பதனக் கட்டுப்படுத்தியின் கையேட்டை முன்னிட்டு

மொழிபெயர்ப்பாளர், மதுரை அண்ணாநகர்:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். குளிர்பதன அறைகளில் பொருத்தப்படும் மின்னணுக் கட்டுப்படுத்தி ஒன்றின் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அது அச்சுக்குப் போக வேண்டும். மற்றவையெல்லாம் முடிந்துவிட்டன, டிஃபரன்ஷியல் என்ற ஒரு சொல்லில் மட்டும் நிற்கிறேன்.

புதியவர்களுக்காகப் பொருளைச் சொல்லிவிடுகிறேன். ஒரு காய்கறி அறைக்கு இலக்கு வெப்பநிலை 2 டிகிரி என்றும் டிஃபரன்ஷியல் 2 டிகிரி என்றும் அமைத்தால், அறை 2 டிகிரிக்கு இறங்கியதும் கம்ப்ரஸர் நிற்கும். 4 டிகிரிக்கு ஏறிய பிறகே மறுபடி ஓடத் தொடங்கும். திரையில் 3 என்று தெரியும்போது அது ஓடிக்கொண்டும் இருக்கலாம், நின்றும் இருக்கலாம். எந்தப் பக்கத்திலிருந்து 3க்கு வந்தது என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது.

சென்ற ஆண்டு வேறொரு கையேட்டில் இதை நான் "வெப்பநிலை வேறுபாடு" என்று எழுதினேன். ஒரு கிடங்கில் அதைப் படித்தவர், வேறுபாடு என்றால் பிழை என்றும், பிழை குறைவாக இருப்பதே நல்லது என்றும் எண்ணி, அதை 0.1 ஆக்கிவிட்டார். கம்ப்ரஸர் மறுபடி ஓடுவதற்கு முன் காத்திருக்க வேண்டிய நேரத்தையும் அங்கே யாரோ 1 நிமிடமாகக் குறைத்து வைத்திருந்தார்கள். கம்ப்ரஸர் ஓடுவதும் நிற்பதுமாகவே இருந்து, சில வாரங்களில், அதற்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் காண்டாக்டரின் முனைகள் கருகிப்போயின. படித்தவர்மீது குற்றமில்லை, நான் எழுதிய சொல் அவரை அங்கே கொண்டுபோய்விட்டது. அதை மறுபடி செய்ய எனக்கு மனமில்லை.

இயற்பியல் ஆசிரியர், மேலூர்:

தம்பி, புதிய சொல் தேடவே வேண்டாம். ஏறும்போது ஒரு புள்ளியிலும் இறங்கும்போது வேறொரு புள்ளியிலும் நிலை மாறுவதை அறிவியல் ஹிஸ்டெரிசிஸ் என்கிறது. கிரேக்கத்தில் அது பின்தங்குதலைக் குறிக்கும். நம் மேல்நிலை இயற்பியல் பாடநூல் நெடுங்காலமாக அதைத் "தயக்கம்" என்றே சொல்லிவருகிறது. காந்தத் தயக்கம், தயக்கக் கண்ணி ஆகியவற்றை மாணவர்கள் படம் வரைந்து மதிப்பெண் வாங்குகிறார்கள். வகுப்பறையில் வேர்விட்டுவிட்ட ஒரு சொல்லை விட்டுவிட்டுத் தொழிற்சாலைக்கு வேறொன்று ஆக்கினால், படித்த அறிவும் செய்யும் தொழிலும் ஒன்றையொன்று அறியாமலே போய்விடும். கட்டுப்படுத்தி 2 டிகிரி தயங்குகிறது. இதைவிடத் தெளிவாகச் சொல்ல என்ன இருக்கிறது?

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், திருப்பரங்குன்றம்:

மேலூர் ஆசிரியரின் பரிந்துரையை மதிக்கிறேன். ஆயினும் தயங்குதல் என்னும் வினையின் வரலாற்றையும் பார்க்க வேண்டும். பழைய வழக்கில் அதற்கு அசைதல், ஒளிவிடுதல், தெளிவாயிருத்தல் என்ற பொருள்களும் உண்டு. அசைகின்ற பொருள்மீது ஒளி விட்டுவிட்டுத் தெரிவதிலிருந்து முடிவெடுக்காத மனத்துக்கு அச்சொல் வந்தது என்று நான் கருதுகிறேன். அலையும் ஒன்றைச் சொல்லும் அந்த வினை, இரு உறுதியான எல்லைகளுக்கிடையே நிற்கும் அளவுக்கு எப்படிப் பொருந்தும்? கட்டுப்படுத்தி எங்கும் தடுமாறுவதில்லை. 2இல் நிறுத்துகிறது, 4இல் ஓட்டுகிறது.

நான் முன்வைப்பது "வரம்பிடை". வரை, வரைவு, வரையறை, வரம்பு, வரப்பு ஆகிய அனைத்தும் ஒரே வேரில் கிளைத்தவை. கோடிழுத்து எல்லை காட்டுதல் அவற்றின் உள்ளுறை. மலையை வரை என்றதும் நாட்டுக்கு எல்லையாய் நின்றதால் ஆகலாம். அகப்பொருளில் மணத்தை வரைவு என்றதும், இவள் இன்னாருக்கு என்று எல்லை வகுத்ததால்தான். நம் வயலில் இரண்டு வரப்புகளுக்கிடையே நீர் நிற்பதுபோல, இரண்டு வரம்புகளுக்கிடையே வெப்பநிலை நிற்கிறது.

தொழிற்பயிற்சி நிலையப் பயிற்றுநர், உசிலம்பட்டி:

ஐயா இருவருக்கும் வணக்கம். குளிர்பதனப் பிரிவு மாணவர்களுக்கு இதே பகுதியை நான் ஒவ்வோர் ஆண்டும் நடத்துகிறேன். தயக்கம் என்று சொன்னால் அவர்கள் நேரத்தைத்தான் நினைக்கிறார்கள். கட்டுப்படுத்தியில் காலத்தாழ்வு தனி அமைவாகவே இருக்கிறது. கம்ப்ரஸர் நின்ற பிறகு எத்தனை நிமிடம் கழித்து மறுபடி ஓடலாம் என்பதை அது கட்டுப்படுத்துகிறது. ஒன்று டிகிரியில் அளப்பது, மற்றொன்று நிமிடத்தில் அளப்பது. இரண்டும் கம்ப்ரஸரை அடிக்கடி ஓடவிடாமல் காப்பவை என்பதால் குழப்பம் இன்னும் எளிதாக நேர்கிறது. மேலும், பட்டறையில் மோட்டார் தயங்குகிறது என்றால் அது பழுது. பழுதைக் குறிக்கும் சொல்லை அமைவுக்குப் பெயராக வைத்தால், சென்ற ஆண்டு "வேறுபாடு" செய்ததையே இதுவும் செய்யும்.

"வேறுபாடு" என்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அறைக் காற்றுக்கும் அதைக் குளிர்விக்கும் ஆவியாக்கிச் சுருளுக்கும் இடையிலுள்ள வெப்பநிலை வேறுபாட்டை வைத்துத்தான் சுருளின் அளவையே கணக்கிடுகிறோம். அந்தப் பெயர் அதற்குத்தான் உரியது.

நான் வகுப்பில் "இடைவெளி" என்கிறேன். கரும்பலகையில் 2க்கு ஒரு கோடு, 4க்கு ஒரு கோடு போட்டு, நடுவிலிருப்பது இடைவெளி என்றால் கடைசி வரிசை மாணவனுக்கும் புரிகிறது.

குளிர்பதனப் பணிமனையாளர், மதுரை தெற்குவாசல்:

உசிலம்பட்டி அம்மா சொல்வதில் அனுபவம் இருக்கிறது. நானும் என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன். மின்னணுக் கட்டுப்படுத்தி வருவதற்கு முன்பிருந்தே இந்தச் சொல் எங்களிடம் இருக்கிறது. அழுத்தம் குறைந்தால் கம்ப்ரஸரை நிறுத்தும் எல்.பி. சுவிட்சின் முகத்தில் இரண்டு அளவுகோல்கள் உண்டு. ஒன்று ரேஞ்ச், இன்னொன்று டிஃப். ரேஞ்சைத் திருகி எந்த அழுத்தத்தில் ஓட வேண்டும் என்று வைப்போம். அதிலிருந்து டிஃப் அளவு கீழே போனால் சுவிட்சு நிறுத்தும். என்னிடம் தொழில் கற்க வந்த பையன்கள் எல்லோரும் முதல் மாதத்திலேயே டிஃப் என்றால் என்னவென்று தெரிந்துகொண்டவர்கள். அந்தச் சொல்லை அப்படியே வைத்தால் யாருடைய காண்டாக்டரும் கருகாது.

டிஃப்பைக் குறைத்தால் கருகுவது காண்டாக்டர் மட்டுமல்ல என்பதையும் கையேட்டில் எழுதுங்கள், தம்பி. நேரடியாகத் தொடங்கும் மோட்டார், தொடங்கும் கணத்தில் ஓட்ட மின்னோட்டத்தைப் போல 5 முதல் 7 மடங்கு இழுக்கும். அந்தச் சூடு ஆறுவதற்குள் மறுபடி தொடங்கினால் சுற்றுக்கம்பி தாங்காது. தொடங்கும்போதெல்லாம் கொஞ்சம் எண்ணெயும் வாயுவோடு குழாய்க்குள் போகும். அது சுற்றித் திரும்பி வருவதற்குள் நிறுத்திவிட்டால், கம்ப்ரஸர் எண்ணெய் குறைந்து தேயும். டிஃப்பை அதிகமாக வைத்தாலோ சரக்கு வாடும். இரண்டுக்கும் நடுவே எங்கே வைப்பது என்பதுதான் மெக்கானிக்கின் கைப்பக்குவம்.

பேராசிரியர், திருப்பரங்குன்றம்:

பணிமனை அன்பரின் விளக்கம் என் கண்ணைத் திறந்தது, நன்றி. ஆனால் டிஃப் என்ற வடிவத்தை நான் ஏற்க முடியாது. டகரம் தமிழ்ச்சொல்லுக்கு முதலாக வராது. ஆய்தம் குற்றெழுத்துக்கும் வல்லின உயிர்மெய்க்கும் நடுவே நிற்க வேண்டியது. இங்கே வெறும் மெய்யின் முன் நிற்கிறது. மூன்றெழுத்துள்ள ஒரு சொல்லில் இரண்டு வழுக்கள். அயல்மொழிச் சொல்லை ஏற்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை; வடசொல்லை வடவெழுத்து நீக்கி ஏற்கத் தொல்காப்பியரே வழி வகுத்திருக்கிறார். ஏற்கும்போது நம் எழுத்துக்கு அடங்கி வரட்டும் என்பதே அவ்விதி.

இயற்பியல் ஆசிரியர், மேலூர்:

பேராசிரியர் ஐயாவின் அளவுகோலை வைத்தால் கம்ப்ரஸர், டிகிரி, மோட்டார் எல்லாம் கையேட்டிலிருந்து வெளியேற வேண்டும். கம்ப்ரஸரை "அமுக்கி" என்று எழுதலாம், எனக்கு மறுப்பில்லை. ஆனால் நள்ளிரவில் எச்சரிக்கை மணி அடிக்கும்போது கையேட்டைத் திறக்கும் காவலாளி, அமுக்கி எது என்று தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. தயக்கம் காலத்தைச் சுட்டுகிறது என்ற அம்மாவின் மறுப்பை ஒப்புக்கொள்கிறேன். "தயக்க அளவு" என்றால் அந்தக் குறை தீரும் அல்லவா?

மொழிபெயர்ப்பாளர், மதுரை அண்ணாநகர்:

ஐயா, தயக்க அளவு என்றாலும் எத்தனை நிமிடத் தயக்கம் என்றுதான் கேட்பார்கள் என்று அஞ்சுகிறேன்.

அம்மாவின் "இடைவெளி" எனக்கு மிகவும் பிடித்தது. உடனே பக்கங்களில் போட்டுப் பார்த்தேன். 23ஆம் பக்கத்தில் இடித்துவிட்டது. ஆவியாக்கிச் சுருளில் படியும் உறைபனியைக் கரைப்பதற்குக் கட்டுப்படுத்தி ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறது: எத்தனை மணிக்கொரு முறை கரைக்க வேண்டும், அதிகபட்சம் எத்தனை நிமிடம் ஹீட்டர் எரியலாம், சுருள் எத்தனை டிகிரிக்கு வந்ததும் நிறுத்த வேண்டும், உருகிய நீர் வடிவதற்கு எத்தனை நிமிடம் விட வேண்டும் என்பவை வரிசையாக வருகின்றன. இவற்றுள் முதலாவதை நான் ஏற்கனவே "பனிநீக்க இடைவெளி" என்று எழுதியிருக்கிறேன். 6 மணி நேரமும் இடைவெளி, 2 டிகிரியும் இடைவெளி என்றால் படிப்பவர் என்ன செய்வார்?

பயிற்றுநர், உசிலம்பட்டி:

தம்பி, அங்கே மாற்ற வேண்டியது பனிநீக்கத்தின் சொல். ஒரு பனிநீக்கம் தொடங்குவதிலிருந்து அடுத்தது தொடங்கும் வரையுள்ள காலத்தைச் "சுற்றுக்காலம்" என்று எழுதுங்கள். இங்கே "வெப்ப இடைவெளி" என்று அடைமொழி சேருங்கள். "வெப்பநிலை இடைவெளி" என்பதே முறை என்று மேலூர் ஐயா சொல்வார், அது சரிதான். ஆனால் சிறிய அட்டவணைக் கட்டத்துக்குள் அது அடங்காது.

பேராசிரியர், திருப்பரங்குன்றம்:

இடைவெளி என்பது ஒன்றுமில்லாத இடம். வெளி என்பதே அதுதான். இரு சொற்களுக்கிடையே, இரு வீடுகளுக்கிடையே உள்ள வெறுமையை அது குறிக்கும். ஆனால் இந்த 2 டிகிரிக்குள்தான் அறையின் வாழ்வே நடக்கிறது. எல்லைகளுக்குப் பெயர் வைக்காமல் நடுவிலுள்ள வெறுமைக்குப் பெயர் வைப்பது எனக்கு உடன்பாடில்லை. வரம்பு என்ற சொல் இருந்தால், படிப்பவர் எது கீழ்வரம்பு, எது மேல்வரம்பு என்று தாமே கேட்பார்.

பணிமனையாளர், தெற்குவாசல்:

நேற்று ஒரு சோதனை செய்தேன். தம்பி அனுப்பிய பக்கத்தை, வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதமே ஆன பையனிடம் கொடுத்து, இலக்கு 13, வெப்ப இடைவெளி 2 என்று வாழைக்காய் அறைக்கு அமைக்கச் சொன்னேன். தடுமாறாமல் எண்களைப் போட்டான். பிறகு என்னிடம் கேட்டான்: இந்த 2, 13க்கு மேலேயா, இல்லை மேலே ஒன்று கீழே ஒன்றா?

அவன் கேட்டது மிகச் சரியான கேள்வி. சில கட்டுப்படுத்திகள் இலக்கில் நிறுத்தி, அதற்கு மேல் 2 டிகிரி ஏறியதும் ஓட்டும். வேறு சில, இலக்கை நடுவில் வைத்து இருபுறமும் பாதிப்பாதியாகப் பிரிக்கும். இரண்டாவது வகையில் அறை 12க்கு இறங்கிவிடும். வாழைக்காய் 13க்குக் கீழே போனால் தோல் கறுத்து, பழுத்தாலும் நிறம் வராது; ஓர் அறைச் சரக்கு முழுவதும் போய்விடும். தேனிப் பக்கம் தோட்டக்காரர் ஒருவரின் ஓராண்டுப் பாடு அந்த ஒரு டிகிரியில் இருக்கிறது. நாம் வைக்கும் பெயர் எதுவானாலும் இதைத் தனியாக எழுதித்தான் ஆக வேண்டும். டிஃப் என்று எழுதியிருந்தாலும் அவன் இதையேதான் கேட்டிருப்பான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர், மதுரை அண்ணாநகர்:

ஐயா, அந்தப் பையனுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். மூலக் கையேட்டிலேயே இது தெளிவாக இல்லை. படத்தைப் பார்த்துத்தான் இந்தக் கருவி முதல் வகை என்று உறுதி செய்துகொண்டேன்.

இன்று வியாழன் இரவு. அம்மாவும், பணிமனை ஐயாவும், சற்றுத் தயங்கி மேலூர் ஐயாவும் "வெப்ப இடைவெளி" போதும் என்று எழுதிவிட்டார்கள், அதையே வைத்துக்கொள்கிறேன். முதல் முறை வரும் இடத்தில், கருவிகளில் டிஃப் என்று பொறிக்கப்பட்டிருப்பது இதுவே என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். பனிநீக்கத்துக்குச் சுற்றுக்காலம் என்று மாற்றிவிட்டேன். அமைவுப் பக்கத்தில் கட்டம் கட்டி இப்படி எழுதியிருக்கிறேன்: "கம்ப்ரஸர் இலக்கு வெப்பநிலையில் நிற்கும், அதற்கு மேல் வெப்ப இடைவெளி அளவுக்கு ஏறியதும் ஓடும். இந்த அளவு பிழையன்று. இதை மிகக் குறைத்தால் கம்ப்ரஸர் கெடும்."

பேராசிரியர், திருப்பரங்குன்றம்:

தம்பி, கட்டத்துக்குள் எழுதியிருக்கும் வாக்கியம் நன்று. அதில் ஓரெழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை. பெயரைப் பற்றிய என் மறுப்பு அப்படியே இருக்கிறது. கீழே எங்கு நிற்கும், மேலே எங்கு ஓடும் என்று நீங்கள் எழுதியவை இரண்டு வரம்புகள். அடுத்த பதிப்பு வரும்போது வரம்பிடையை மறுபடி எழுப்புவேன்.

பயிற்றுநர், உசிலம்பட்டி:

எழுப்புங்கள், ஐயா. அதற்குள் இரண்டு ஆண்டு மாணவர்கள் வெப்ப இடைவெளி என்று படித்துவிட்டு வேலைக்குப் போயிருப்பார்கள். திங்கட்கிழமை வகுப்புக்கு அந்தக் கட்டத்தின் நகல் 24 எனக்கு வேண்டும், தம்பி.