கவர்னர் ஆனில் இருந்தும் லோ ஆர்பிஎம் ஹாரன் அடிக்கிறது, ஏன்?

மாணவ பைலட்: வணக்கம். பிஸ்டன் இன்ஜின் ஹெலிகாப்டரில் பயிற்சி எடுக்கிறேன். கவர்னர் ஆனில்தான் இருந்தது. ஹோவரிலிருந்து (அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்பது) கிளம்பக் கலெக்டிவைத் (பிளேடுகளின் கோணத்தைக் கூட்டி மேலே ஏற்றும் நெம்புகோல்) தூக்கியதும் ஆர்பிஎம் (சுழலும் வேகம்) சரிந்து எச்சரிக்கை ஹாரன் அடித்தது. ஆசிரியர் உடனே கண்ட்ரோலை வாங்கிக்கொண்டார். ஆர்பிஎம்மைப் பார்த்துக்கொள்ளத்தானே கவர்னர்? பழுதாகிவிட்டதா?

பறப்பாசிரியர்: அவசரப்பட்டு கவர்னர் மேல் பழி போடாதீங்க. அது பவர் தருகிற சாமான் இல்லை, இன்ஜின் பவரைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைத் திருகிவிடும் ஒரு சின்ன மோட்டார், அவ்வளவுதான். த்ராட்டில் ஏற்கெனவே முழுசாகத் திறந்திருந்தால் அது எதைத் திருகும்? எடை, வெயில், உயரம் மூணும் சேர்ந்தால் அந்த நிலை சீக்கிரமே வந்துவிடும். இன்னொன்று, பயத்தில் த்ராட்டில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் கவர்னர் தோற்றுவிடும். பைலட் கை ஜெயிக்கிற மாதிரிதான் அதை வைத்திருக்கிறார்கள்.

மெக்கானிக்: ஆர்பிஎம் காட்டும் முள்ளைப் பார்த்தீங்களா தம்பி? ஆர்22 மாதிரி சின்ன ஹெலிகாப்டரில் கவர்னர் இன்ஜின் ஆர்பிஎம்மை வலது மேக்னெட்டோவில் (இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் கருவி) உள்ள பாயிண்டிலிருந்து (மின் தொடர்பு முனை) எடுக்குது. ரோட்டார் (மேலே சுழலும் பிளேடுகள்) முள்ளுக்குத் தனி சென்சார். இன்ஜின் முள் மட்டும் குதித்து ரோட்டார் முள் அசையாமல் இருந்தால் பாயிண்ட், ஒயரிங்கைப் பார்க்கணும். தப்பான சிக்னல் போனால் கவர்னரும் தப்பாகத்தான் திருகும்.

மாணவ பைலட்: இரண்டு முள்ளும் ஒட்டியபடியே இறங்கின அண்ணா. அன்றைக்குக் காற்றில் ஈரம் அதிகம். கார்ப் ஹீட் (கார்புரேட்டருக்குச் சூடான காற்று விடுவது) போட்டோமா என்று நினைவில்லை.

மெக்கானிக்: அப்போ சிக்னல் கோளாறு இல்லை. கார்புரேட்டரில் (காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் பாகம்) ஐஸ் பிடித்ததா என்று பாருங்க.

பறப்பாசிரியர்: அதேதான் என் சந்தேகமும். ஐஸ் பிடிக்கப் பிடிக்க கவர்னர் சத்தமில்லாமல் த்ராட்டிலைத் திறந்துகொண்டே போகும். ஆர்பிஎம் முள் நேராக நிற்கும், நமக்கு ஒன்றும் தெரியாது. கலெக்டிவைத் தூக்கும்போதுதான் பவர் கையிருப்பு காலி என்று புரியும். கார்ப் டெம்பரேச்சர் கேஜைப் பார்க்கும் பழக்கம் வேணும்.

ஆர்22-ல் ஹாரன் 97 சதவீதத்தில் அடிக்கும். லிஃப்ட் (மேலே தூக்கும் விசை), ஆர்பிஎம்மின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆர்பிஎம் 90 சதவீதத்துக்கு இறங்கினால் மிச்ச லிஃப்ட் 81 சதவீதம்தான். 80 சதவீதம், அதோடு ஆயிரம் அடி உயரத்துக்கு 1 சதவீதம், இதற்குக் கீழே ஆர்பிஎம் போனால் பிளேடு ஸ்டால் ஆகிவிடும் (லிஃப்டை இழந்துவிடும்), மீள முடியாது. இப்படிப்பட்ட விபத்துகள் தொடர்ந்ததால்தான் 1995-ல் அமெரிக்க விமானத் துறை அமைப்பான எஃப்ஏஏ ஆர்22, ஆர்44 பைலட்டுகளுக்குத் தனிப் பயிற்சி விதி கொண்டுவந்தது. ஹாரன் கேட்டதும் த்ராட்டிலைத் திருகுவதும் கலெக்டிவை இறக்குவதும் ஒரே அசைவாக நடக்கணும். முன்னோக்கிப் பறக்கும்போது சைக்ளிக்கைப் (திசையை மாற்றும் கண்ட்ரோல் குச்சி) பின்னால் இழுத்தாலும் ஆர்பிஎம் ஏறும். பயத்தில் கலெக்டிவைத் தூக்குவதுதான் ஆளைக் கொல்கிறது.

மாணவ பைலட்: நிஜமாகவே கவர்னர் கெட்டு ஆர்பிஎம் எகிறினால்?

பறப்பாசிரியர்: த்ராட்டிலை இறுக்கிப் பிடித்து அடக்குங்க, பிறகு சுவிட்சை ஆஃப் செய்யுங்க. மிச்சப் பயணம் முழுக்க உங்க மணிக்கட்டுதான் கவர்னர். அடுத்த வகுப்பில் ஆசிரியரிடம் கேட்டு கவர்னர் ஆஃபில் ஒரு சர்க்யூட் (கிளம்பி ஒரு சுற்று சுற்றி இறங்குவது) போட்டுப் பாருங்க.

மெக்கானிக்: அதுக்கு முன்னாடி ஹாரன் அடித்ததை டெக் லாகில் (மெஷினின் கோளாறுகளைப் பதியும் புத்தகம்) எழுதிட்டீங்களா? எழுதாத மெஷினை நான் பறக்க விட மாட்டேன்.