பதிவுத் திருமணத்தை ரத்து செய்ய பினாங்கில் வழக்கறிஞர் தேவை

என் தங்கைக்குச் சென்ற ஆண்டு பட்டர்வொர்த்தில் பதிவுத் திருமணம் மட்டும் நடந்தது. கோயில் கல்யாணத்திற்கு மண்டபம் பிடித்து, பத்திரிகையும் அச்சடித்த பிறகு மாப்பிள்ளை தாலி கட்ட மறுத்துவிட்டார். இருவரும் ஒருநாள்கூடச் சேர்ந்து வாழவில்லை. ஆனாலும் சட்டப்படி அவள் அவருடைய மனைவி. நினைத்தாலே வயிறு எரிகிறது.

பெரியவர்கள் பேசிப் பார்த்தார்கள், பலனில்லை. பதிவு இலாகாவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னார்கள். முதலில் பார்த்த வழக்கறிஞர், விவாகரத்துக்கு மணமாகி இரண்டு ஆண்டு ஆக வேண்டும் என்றார். ஆனால் 1976 திருமண, விவாகரத்துச் சட்டத்தின் 70ஆவது பிரிவு, தாம்பத்திய உறவுக்கு ஒருவர் வேண்டுமென்றே மறுத்தால் திருமணத்தையே ரத்து செய்ய இடம் தருகிறது. சான்றிதழ், மண்டப முன்பண ரசீது, அவர் மறுத்து அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் கையில் இருக்கின்றன.

இப்படிப்பட்ட ரத்து வழக்கைப் பினாங்கு உயர் நீதிமன்றத்தில் நடத்திய வழக்கறிஞர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?